உதட்டுக்குக் கீழே இருந்த மேடு

கீழுதட்டுக்குக் கீழே, மிளகைவிடச் சற்றே பெரிதாக இருந்த அந்த மேடு மருவா, காற்றுக் குமிழா?

மூன்று வருடங்களுக்கு மேலாக இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. மகளுக்குச் சோறு ஊட்டும்போது வருகிறது. துணி காயப்போடும்போது வருகிறது. அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் இறந்து சில நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அவர் கடல் கடந்த தேசத்தை ஆண்டவர். நான் ஸ்ரீபெரும்புதூரில் குடியிருப்பவள். எங்கள் இருவருக்கும் இடையில் இந்த மேட்டைத் தவிர வேறு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் விடுவதாக இல்லை.

பணி ஓய்வு பெற்றவர்கள் எழுதும் பக்கத்தில் முப்பத்திரண்டு வயதுக்காரிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒன்பது வருடம் தொழிற்சாலை வேலை பார்த்துவிட்டுப் பிரசவத்தோடு நின்றவள் நான். எங்கள் தெருவில் என்னை "ரிட்டயர்டு மேடம்" என்றுதான் கேலி செய்கிறார்கள். போன மாதம் என் பழைய இடத்திலிருந்து இசக்கியம்மாள் போன் செய்து, "யக்கா, அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு ஒரு வரி விடாம எழுதிக் குடுங்க" என்றாள். அவளுக்காக எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, இது அவளுக்கு மட்டும் எழுத வேண்டியதில்லை என்று பட்டது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த நாளில், வாடிக்கையாளர் விவரத்தை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டேன். வேலையை விட்டாலும் அந்தக் கையெழுத்து விடாதாம். அதனால் கம்பெனி பெயரோ ராஜாக்களின் பெயரோ இதில் வராது. மற்றவர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். ராஜாக்களில் பாதிப் பேரை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். அது என் குற்றமில்லை.

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ. ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒரு வருடப் பயிற்சி. அங்கே கற்றது இரண்டு: நின்றுகொண்டே தூங்குவது, அளவுகோலை நம்புவது. பிறகு மண்ணூர்ப் பக்கம் ஒரு ஷெட்டுக்கு மாறினேன். பன்னிரண்டு பேர். பெரிய தொழிற்சாலைகள் தேய்ந்துபோன பாகங்களையும் வரைபடம் தொலைந்துபோன அச்சுகளையும் எங்களுக்கு அனுப்பும். நாங்கள் நீல ஒளி ஸ்கேனரால் அவற்றைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து, கணினியில் அதே வடிவத்தை உருவாக்கித் தருவோம். பிறகு புதிதாகச் செய்த பாகத்தை அந்த வடிவத்தோடு ஒப்பிட்டு அறிக்கை தருவோம். அறிக்கை ஒரு வண்ணப் படம். சரியாக இருக்கும் இடம் பச்சை. மேடாகிவிட்ட இடம் சிவப்பு. பள்ளமான இடம் நீலம்.

எங்கள் தலைமை, தயாளன் சார். மணிமங்கலத்துக்காரர். டூல் ரூமில் ஹெல்பராக ஆரம்பித்து மேலே வந்தவர். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்; அவரைப் புரிந்துகொள்ளாமல் என் தவறு புரியாது.

ஒரு பாகம் உள்ளே வந்தால் அவர் முதலில் கை கழுவுவார். சோப்புப் போட்டு, முழங்கை வரை. பிறகு தோளில் கிடக்கும் பனியன் துணியால் துடைத்துக்கொண்டு, பாகத்தை இரண்டு கையாலும் தூக்கி, சத்தமில்லாமல் கிரானைட் மேசையில் வைப்பார். ஏசி அறையில் முழு ஷிப்டு அப்படியே கிடக்க வேண்டும். வெயிலில் வந்த இரும்பு, உள்ளே வந்ததும் சுருங்கும். அது நிதானத்துக்கு வந்த பிறகுதான் அளக்க வேண்டும். அவசரப்பட்டு யாராவது ஸ்கேனரை எடுத்தால், "இன்னாம்மா, வூட்டுக்கு வந்தவனுக்குத் தண்ணி குடுக்காமயே கேள்வி கேப்பியா?" என்பார். இதுவரை அவர் தங்கம்.

அளந்து முடித்த பிறகு அவர் வேறு ஆள். பாகத்தை அதன் பிறகு திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, அறையின் மறுகோடியிலிருந்து என்னைக் கூப்பிட்டுக் கத்துவார்: "கலை, பச்சையா?"

"பச்சை சார். ஓரத்துல மட்டும்..."

"பச்சையா, இல்லியா?"

"பச்சைதான் சார்."

"கையெழுத்து போடு."

அவ்வளவுதான். என் ஒன்பது வருட வேலை வாழ்க்கையில் நான் அதிகம் சொன்ன சொல் "பச்சை" என்றுதான் நினைக்கிறேன். என் மகள் பேச ஆரம்பித்தபோது, கிளிப் படத்தைக் காட்டி நான் "பச்சை" என்று சொல்லிக் கொடுத்தேன். சொல்லிவிட்டு எனக்கே எரிச்சலாக வந்தது.

நான் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது பதினோரு மரப்பெட்டிகள் வந்தன. பெங்களூர் நெடுஞ்சாலையோரம் ஒரு பொழுதுபோக்கு வளாகம் கட்டிக்கொண்டிருந்த ஒருவருடையவை. இனிமேல் அவரைக் கஸ்டமர் என்றே சொல்கிறேன். வளாகத்துக்குள் ராஜாக்களின் முகங்களுக்கென்று ஒரு அரங்கம் வைக்கப்போகிறார், அதற்கு நகல்கள் வேண்டுமாம். பெட்டிகளுக்குள் வைக்கோல், வைக்கோலுக்குள் பிளாஸ்டர் முகங்கள். கண் மூடிய முகங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சீட்டு: எம்-1, எம்-2 என்று எம்-11 வரை. பெயர்கள் இல்லை. எங்களிடம் எல்லா வேலையும் அப்படித்தான் வரும். எந்தக் காருக்கான பாகம் என்று சொல்ல மாட்டார்கள், எண் மட்டும் இருக்கும். எனவே அது எனக்கு விசித்திரமாகப் படவில்லை. இப்போது யோசித்தால், எல்லாக் கோளாறும் அந்த எண்ணில்தான் தொடங்கியது.

இசக்கி அப்போதுதான் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து சேர்ந்திருந்தாள். ஒரகடத்தில் ஒரே அறையில் ஆறு பெண்களோடு தங்கியிருந்தாள். வரும் பாகங்களைத் துடைத்து, வரவுத் தாளில் கையெழுத்துப் போட்டு மேசைக்கு அனுப்புவது அவள் வேலை. முதல் பெட்டியைத் திறந்தவள் இரண்டடி பின்னால் போனாள்.

"யக்கா, இது என்னது, தூங்குதா?"

"பிளாஸ்டர்டி. துடை."

"மூக்குல தூசி இருக்கு. தும்மிருமோன்னு பயமா இருக்கு."

கஸ்டமர் சொல்லித்தான் விவரம் தெரிந்தது. அந்தக் காலத்தில் ராஜா இறந்தால், சில மணி நேரத்துக்குள் முகத்தில் எண்ணெய் தடவி, புருவத்தையும் மீசையையும் படியச் செய்து, குழைத்த பிளாஸ்டரை ஊற்றி அச்செடுப்பார்களாம். அந்த அச்சுக்குள் மறுபடி பிளாஸ்டர் ஊற்றினால் முகம் கிடைக்கும். ஊர்வலத்தில் கொண்டுபோகும் பொம்மைக்கு அந்த முகத்தை வைப்பார்கள். பிறகு சிற்பிகள் அதைப் பார்த்துச் சிலை செய்வார்கள். பிறகு அதிலிருந்து ஒரு நகல், நகலிலிருந்து ஒரு நகல் என்று ஊரெல்லாம் பரவும். தீவில் சிறைப்பட்டு இறந்த பிரெஞ்சுச் சக்கரவர்த்தியின் முகத்தை எந்த டாக்டர் எடுத்தார் என்று இன்றைக்கும் சண்டை தீரவில்லையாம். முன்முகம் ஒருவர் கைக்கும் பின்தலை வேறொருவர் கைக்கும் போய்விட்டதாம். ஒரு மனிதனின் தலையைக்கூட ஒழுங்காக ஒரே பெட்டியில் போட்டு வைக்கத் தெரியாதவர்கள்தான் பாதி உலகத்தை ஆண்டிருக்கிறார்கள்.

ஸ்கேனர் திசை தப்பாமல் இருக்க, பாகத்தின் மேல் சின்ன வட்ட ஸ்டிக்கர்கள் ஒட்டுவோம். கதவுக் கைப்பிடிக்கு ஒட்டுகிற மாதிரியே இவர்களுக்கும் ஒட்டினோம். நெற்றியில் ஒன்று, கன்னத்தில் இரண்டு. பதினோரு பேரும் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையாகப் படுத்திருந்தார்கள். இசக்கி, "எல்லாரும் கல்யாணத்துக்குக் கிளம்பிட்டாவ" என்றாள். எனக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டியிருந்தது.

அந்த வேலையில் ஒரே ஒரு இடத்தில் எனக்குப் பெருமை உண்டு. மூன்றாம் எண்ணும் நான்காம் எண்ணும் ஒரே மனிதர். எது அசல் என்று கஸ்டமர் கேட்டார். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். நான்கு, எல்லாத் திசையிலும் ஒரே சீராகச் சிறியது. வார்ப்பு வேலை தெரிந்தவர்களுக்கு இது பழகிய விஷயம். உருக்கி ஊற்றியது ஆறும்போது சுருங்கும் என்பதால்தான் மாதிரியைக் கொஞ்சம் பெரிதாகச் செய்வார்கள். களிமண்ணில் அச்செடுத்தால் அது காயும்போது சுருங்கும். அதில் வார்த்த முகமும் சிறுத்துவிடும். எனவே நான்கு, மூன்றின் நகலாகவோ மூன்றைப் போன்ற இன்னொன்றின் நகலாகவோ இருக்க வேண்டும். மூன்றே அசல் என்று சொல்லவில்லை. மூன்று, நான்கைவிட அசலுக்குப் பக்கம் என்று மட்டும் எழுதினேன். தயாளன் சார்கூட எழுந்து வந்து திரையைப் பார்த்தார். "சக்கரவர்த்தியா இருந்தாலும் காஞ்சா சுருங்குவான்" என்றார்.

அந்தப் பெருமைதான் என்னை ஏழாம் எண்ணில் கவிழ்த்தது.

எம்-7 அகன்ற முகம். கனத்த மூக்கு. ராஜா மாதிரியே இல்லை. மாவு மில் முதலாளி மாதிரி இருந்தார். கீழுதட்டுக்குக் கீழே அந்த மேடு. பிளாஸ்டர் வார்ப்பில் மேடு என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான். அச்சை எடுக்கும்போது உள்ளே காற்றுக் குமிழ் சிக்கினால் அங்கே ஒரு குழி விழும்; அந்த அச்சில் வார்த்தால் குழி இருந்த இடத்தில் மேடு வரும். குமிழ் ஒரு பழுது. பழுதைக் கணினியில் நீக்கிவிட்டுத்தான் வடிவத்தைக் கொடுப்போம். தேய்ந்த கியரைக் கொண்டுவந்து கொடுப்பவர் தேய்மானத்தையும் சேர்த்தா கேட்பார்?

ஆனாலும் என் சுபாவம் உடனே செய்ய விடவில்லை. கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடுகிறவள் நான். கேட்டேன்.

"சார், ஏழுல ஒரு மேடு இருக்கு. குமிழா, முகத்துலயே இருந்ததா தெரியல."

அறையின் மறுகோடியில் அவர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். போனைக் கையால் பொத்திக்கொண்டு, "பிளாஸ்டர்ல மேடு இன்னாவா இருக்கும்? குமிழு. எடுத்துடு" என்றார்.

எடுத்துவிட்டேன். மௌஸில் ஒரு வட்டம், ஒரு சொடுக்கு. உதட்டுக்குக் கீழே வழுவழுவென்று ஆனது. அந்த வடிவத்திலிருந்து, முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பிசின் (ரெசின்) நகல் அச்சிட்டோம். நகலை மறுபடி ஸ்கேன் செய்து அதே வடிவத்தோடு ஒப்பிட்டோம். முகம் முழுக்கப் பச்சை. ஆகாதா பின்னே? நான் திருத்திய முகத்தை நான் திருத்திய முகத்தோடேயே ஒப்பிட்டால் பச்சை வராமல் என்ன வரும்? இது அன்றைக்கு உறைக்கவில்லை. அறிக்கையில் "மூலத்துடன் பொருந்துகிறது" என்று ஒரு வரி அச்சடித்தே இருக்கும். "செய்த திருத்தங்கள்" என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதினேன். குமிழ் எடுப்பதை நாங்கள் யாருமே திருத்தம் என்று எழுதியதில்லை. பாத்திரம் துலக்கியதை யாரும் சமையல் குறிப்பில் எழுதுவதில்லையே. கீழே என் கையெழுத்து.

அன்று மாலை வேன் ஏறும் முன் மனசு கேட்கவில்லை. திருத்துவதற்கு முந்தைய ஸ்கேனை என் பென் டிரைவில் போட்டுக்கொண்டேன், வீட்டில் நிதானமாகப் பார்க்கலாம் என்று. விதிப்படி அது குற்றம். மறுநாளே அழித்துவிட நினைத்தேன். மறுநாள் கால் வீங்கி, டாக்டர் படுக்கச் சொல்லிவிட்டார். அப்படியே விடுப்பு, பிரசவம், ராஜினாமா.

இனி என் மாமியார். நான் இறந்தவர்களின் முகத்தை அளந்ததும், அதில் ஒரு மேட்டை எடுத்ததும் அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. மகள் பிறந்தபோது கன்னத்தில் சிறிதாக ஒரு மரு இருந்தது. குளிப்பாட்டும்போது பார்த்தவர், "புள்ளத்தாச்சி போயி செத்தவன் மூஞ்சியத் தொட்டுகினு இருந்தா? நீ அங்க எடுத்தது இங்க வந்து ஒக்காந்துகிச்சி பாரு" என்றார்.

"அத்தை, அது உதட்டுக்குக் கீழ. இது கன்னம்."

"வர்ற வழியில கொஞ்சம் நவுந்திருக்கும்."

படித்தவள் என்று பெயர். ஆனாலும் அன்று முழுக்கக் குழந்தையின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் மாமனார் இறந்தார். கண்ணீர் அஞ்சலி பேனருக்கு என் கணவர் போட்டோ கொடுத்தார். கடைக்காரர் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு முகத்தை வெள்ளையாக்கி, காதோரமிருந்த பெரிய மருவைத் துடைத்துவிட்டார். தெருமுனையில் கட்டிய பிறகுதான் மாமியார் பார்த்தார். அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "யாருடா இவரு? என் வூட்டுக்காரரு எங்க?" பேனரைக் கழற்றி வேறு அடித்து வரும் வரை பந்தலில் உட்கார மறுத்துவிட்டார். அதற்குப் பிறகு, மகளின் மருவைத் தொட்டு, "தாத்தாவோட மரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். ஒரே மரு. பிறந்த வருடம் அது எம்-7 அனுப்பியது. அடுத்த வருடம் தாத்தா விட்டுப் போனது. அத்தைக்கு அதில் எந்தச் சங்கடமும் இல்லை.

ஆனால் அந்தப் பேனரைப் பார்த்த அன்றே எனக்கு உறைத்தது. அந்தக் கடைக்காரர் செய்ததைத்தானே நானும் செய்தேன்? பென் டிரைவைத் தேடி எடுத்துப் பார்த்தேன். மேடு அப்படியே இருந்தது. பார்த்துவிட்டு என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

போன மாதம் இசக்கியின் போன்.

"யக்கா, என்னய என்கொயரியில வச்சிருக்காவ. நான் பொருள ஒடைச்சுப்புட்டேனாம்."

நடந்தது இதுதான். கஸ்டமரின் அரங்கம் திறக்கப் போகிறது. விளக்க அட்டை எழுத வந்த சரித்திரப் பேராசிரியை, ஏழாம் எண்ணின் பிசின் நகலைப் பார்த்துவிட்டு, "மரு எங்கே?" என்று கேட்டிருக்கிறார். அப்போதுதான் ஷெட்டில் இருந்தவர்களுக்கே அது யாருடைய முகம் என்று தெரிந்திருக்கிறது. அரசனின் தலையை வெட்டிய பிறகு இங்கிலாந்தை ஆண்ட தளபதி. மருவையும் விடாமல் தன்னை உள்ளபடி வரையச் சொன்னதாகக் கதை உள்ளவர். அசலை எடுத்துப் பார்க்கலாமென்றால், செம்பரம்பாக்கம் பக்கம் கஸ்டமர் வைத்திருந்த குடோனில் மழைத் தண்ணீர் புகுந்து, கீழ்த்தட்டில் இருந்த முகங்கள் ஊறிக் கரைந்துவிட்டன. ஏழு அதில் ஒன்று. மிச்சம் இருப்பது கஸ்டமர் வாங்கும்போது எடுத்த ஒரு போட்டோ. அதில் மேடு இருக்கிறது.

தயாளன் சார் கணக்குப் போட்டிருக்கிறார். போட்டோவில் மேடு இருக்கிறது. எங்கள் கணினியில் உள்ள வடிவத்தில் இல்லை. அறிக்கையில் திருத்தம் இல்லை என்று இருக்கிறது. அப்படியானால் பெட்டியைத் திறந்ததற்கும் ஸ்கேன் செய்ததற்கும் நடுவில் மேடு உதிர்ந்திருக்க வேண்டும். நடுவில் அதைத் தொட்டது யார்? வரவுத் தாளில் துடைத்தவள் கையெழுத்து: இசக்கியம்மாள். திருத்தாத ஸ்கேன்களை டெலிவரி முடிந்ததும் அழித்துவிடுவது எங்கள் வழக்கம். எனவே மறுத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு படியும் சரி. விடை மட்டும் தப்பு. இப்படி ஒரு கணக்கை நான் பார்த்ததில்லை.

"நான் பிரஷ்ஷால மெதுவாத்தான்க்கா தொடைச்சேன். மேடு உதுந்தா எனக்குத் தெரியாதா? பெர்மனென்ட் ஆவப்போற நேரத்துல இப்பிடி ஆயிட்டே. ஊர்ல அம்மாட்ட என்னன்னு சொல்லுதது? வெள்ளைக்காரன் மருவைப் பிச்சுட்டேன்னா?"

"நீ பிக்கலடி. நான்தான் எடுத்தேன்."

"ஏ யக்கா!" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உடனே தயாளன் சாருக்குப் போன் செய்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அப்ப கையெழுத்து போட்டது பொய்யா, இப்ப பேசிகினு இருக்கிறது பொய்யா? ஒண்ணு சொல்லு."

"சார், நீங்கதான் குமிழு, எடுத்துடுன்னு சொன்னீங்க."

"நான் ஒரு நாளைக்கு இருபது தபா குமிழு எடுன்னு சொல்றேன். நீ எந்த தபாவச் சொல்ற? ஃபிரெண்டக் காப்பாத்தப் பேசாதம்மா. பேப்பர் இன்னா சொல்லுதோ அதான்."

பேப்பரை எழுதியவள் நான். எழுதியவள் சொல்வது செல்லாது, அவள் எழுதியதுதான் செல்லும்!

மறுநாள் காலை பென் டிரைவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மண்ணூர் பஸ் ஏறினேன். மகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் என்னை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொள்வதாகத் தயாளன் சார் சொல்லியிருந்தார். அதைக் கெடுத்துக்கொள்ளத்தான் போகிறோம் என்று வழியெல்லாம் தோன்றியது. தரவைத் திருடியதாகப் போலீஸில் கொடுத்துவிட்டால்? பிள்ளையோடு ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கும் காட்சி வரை யோசித்துவிட்டேன். வேண்டாததையெல்லாம் முழுசாக யோசிப்பதில் எனக்குத் திறமை உண்டு.

தயாளன் சார் மகளுக்கு பிஸ்கட் கொடுத்தார். பென் டிரைவைப் பார்த்து முகம் சுளித்தார். ஆனால் போட்டுப் பார்த்தார். என் பழைய ஸ்கேனையும் கணினியில் இருந்த வடிவத்தையும் ஒப்பிட்டார். அகன்ற முகம் திரையில் மெல்லச் சுழன்று வந்தது. நெற்றி பச்சை. கன்னம் பச்சை. மூக்கு பச்சை. உதட்டுக்குக் கீழே மட்டும் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி.

அறையின் மறுகோடியிலிருந்தே கேட்கிறவர், இந்த முறை திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். "செகப்பா கீதே" என்றார், யாரிடமோ சொல்வது போல.

ஆக, ஸ்கேன் எடுத்தபோது மேடு இருந்திருக்கிறது. இசக்கி உதிர்க்கவில்லை. இதோடு முடிந்தது என்று நிம்மதியாக மூச்சுவிட்டேன். முடியவில்லை.

"இது வெளிய போய் வந்த ஃபைலும்மா. ஆடிட்ல செல்லாது. நீ ரிவிஷன் ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்து போட்டாதான் ரெக்கார்டு ஆவும்" என்றார்.

"எழுதறேன் சார். ஸ்கேன்ல மேடு இருந்தது, நான் நீக்கினேன்னு."

"மேடுன்னு எழுதாத. மருன்னு எழுது. 'மூலத்தில் மரு இருந்தது, ஆப்பரேட்டர் தவறுதலாக நீக்கிவிட்டார்.' நாம மரு வச்சி புது காப்பி போட்டுக் குடுத்துடலாம். கஸ்டமர் அசல் மருவோடன்னு போர்டு வச்சிக்குவாரு. கம்ப்ளெயின்ட் குளோஸ். இசக்கி பேரும் குளோஸ்."

"மருதானான்னு எனக்குத் தெரியாதே சார்."

"அப்ப ஏன் எடுத்த?"

"குமிழுன்னு நினைச்சேன்."

"இப்ப குமிழா?"

"அதுவும் தெரியல சார்."

அவர் நான் நிரப்ப வேண்டிய ஃபாரத்தை என் பக்கம் தள்ளினார். "தெரியலன்னு இதுல எங்கனா ஒரு கட்டம் கீதா, காட்டு."

கட்டம் இல்லை. நான் பார்த்தேன். மூன்று முறை பார்த்தேன்.

மேடு என்று மட்டும் எழுதினால் கஸ்டமர் ஏற்க மாட்டாராம். அவருக்கு வேண்டியது மரு. மேட்டுக்கு யாரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வர மாட்டார்கள் போலிருக்கிறது. புகார் மூடப்படாது, மூடாத புகாருக்கு ஒரு பெயர் வேண்டும், பெயர் ஏற்கனவே வரவுத் தாளில் இருக்கிறது.

பேராசிரியை சொன்னதாக இசக்கி சொன்ன இன்னொரு விஷயம் என் தூக்கத்தையே கெடுத்துவிட்டது. அந்தத் தளபதியின் முகம் என்று சொல்லப்படுபவை உலகத்தில் பல இருக்கின்றனவாம். சிலவற்றில் மரு இருக்கிறது, சிலவற்றில் இல்லை. "முகம் வெலை போகணும்னு மருவ ஒட்ட வச்சவனும் உண்டாங்க்கா" என்றாள். ஆக, மரு, குமிழ், பிற்காலத்தில் யாரோ ஒட்டியது என்று மூன்றாகிவிட்டது. ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குமிழ் என்றால் நல்ல உருண்டையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் உருண்டையாகத்தான் இருக்கிறது. மறுபக்கம் சதை மாதிரி கோணலாக இருக்கிறது. பகல் தூக்கத்தில் இருந்த மகளின் கன்னத்தில் குனிந்து பார்த்தேன். அதுவும் ஒரு பக்கம் உருண்டை, ஒரு பக்கம் கோணல். சற்றுத் தள்ளி இன்னொரு மேடு. புதிதாக வந்திருக்கிறதோ என்று பதறித் தொட்டேன். காய்ந்த சாதப் பருக்கை. கையோடு வந்துவிட்டது.

என் கணவர், "என்னைக்கோ செத்தவனுக்கு மரு இருந்தா உனக்கென்ன, போட்டுத் தொலையேன்" என்கிறார். மாமியார், "இல்லாத மருவ இருக்குதுன்னு எழுதினா அந்தாளோட பொண்டாட்டி ஒத்துக்குவாளா?" என்கிறார். இசக்கியிடமே கேட்டேன். "போடுங்கக்கா, ஒரு மருவுக்காக என்னய ஊருக்கு அனுப்பிராதீய" என்றாள். சிறிது நேரம் கழித்து அவளே திரும்பவும் கூப்பிட்டு, "யக்கா, ஆனா தெரியாமப் போட்டுராதீய. போன தடவ அப்பிடித்தான் போட்டிய" என்றாள்.

எது அவள் உண்மையாகக் கேட்பது? இரண்டும்தான் என்று தோன்றுகிறது. நான் என்ன செய்ய?

அதனால் உங்களிடம் கேட்கிறேன். பிளாஸ்டரில் கை வைத்தவர்கள் இதைப் படிப்பீர்கள்: சிலை வார்ப்பவர்கள், பல் செட்டுக்கு அச்சு எடுப்பவர்கள், குழந்தைகளின் கை கால்களை அச்செடுத்துச் சட்டம் போட்டுத் தருபவர்கள். காற்றுக் குமிழையும் சதையையும் எதை வைத்துப் பிரிக்கிறீர்கள்? முகத்திலேயே இருந்ததற்கும் பிறகு ஒட்டியதற்கும் ஓரத்தில் வித்தியாசம் தெரியுமா? தெரியும் என்றால் சொல்லுங்கள். நான் ஸ்கேனைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். அப்படிப் பிரிக்கவே முடியாது என்றால், அதையும் தயங்காமல் எழுதுங்கள். அதோடு, முடியாத ஒன்றை முடியும் என்று எழுதி ஒரு பெண்ணின் வேலையைக் காப்பாற்றலாமா என்பதையும் சொல்லுங்கள். அல்லது, கட்டமே இல்லாத ஃபாரத்தில் நானே ஒரு கட்டம் போட்டு "தெரியவில்லை" என்று எழுதினால், அந்தப் பெண்ணை யார் காப்பாற்றுவார்கள் என்றாவது சொல்லுங்கள்.

பொங்கல் கழித்து மூன்றாம் நாள் என்கொயரி. ஃபாரம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது, மகளின் கைக்கு எட்டாத உயரத்தில். மேலே, புகார் யார் மீது என்ற இடத்தில், இசக்கியின் பெயரை அவர்களே அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். நடுவில் ஒரே ஒரு வரி காலியாக இருக்கிறது.